பறவைப் படமா? பணத்தை முதலில் லென்ஸில் போடுங்கள்

பறவைப் படம் எடுக்கக் கையில் தாராளமாகப் பணம் இருந்தால், முதலில் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸை வாங்குங்கள். மி.மீ. கூடினால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் நுழையும். மிச்சப் பணத்துக்கு எந்த கேமரா பாடி வருகிறதோ அது போதும்.

விடியற்காலையில்தான் வித்தியாசம் தெரியும். எஃப்/6.3 ஜூமைவிட இதில் சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் நுழைகிறது. அந்த ஜூமில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்; கூடக் கூடப் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 கேட்கிற காட்சிக்கு இங்கே 2500 போதும். மீன்கொத்தியின் கழுத்து இறகு கொழகொழவென்று ஆகாமல் இழை இழையாக நிற்கும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டினால் 840 மி.மீ. கிடைக்கும், அப்போதும் எஃப்/5.6தான். பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அப்படியில்லை.

ஆனால் எடை சுமார் மூன்று கிலோ! ஏரிக்கரையில் ட்ரைபாட் போட்டு நிற்பவருக்குச் சரி. சோலைக்காட்டில் ஏறி இறங்கி நடப்பவருக்கு 200-600 ஜூம்தான் தோதுப்படும். இன்னொரு விதிவிலக்கு: உங்கள் பழைய பாடி பறவையின் கண்ணில் தானாக ஃபோகஸ் பிடிக்காது என்றால், முதலில் அதை மாற்றுங்கள். முடிவெடுக்க முடியவில்லையா? லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தோளில் சுமந்து பாருங்கள்.