பேரிக்காய் மரம்: நடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தக்காளிச் செடியில் தப்பு செய்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பேரிக்காய் மரத்தில் செய்த தப்பு வெளியே வர நாலைந்து வருடம் ஆகும். மரம் செழிப்பாக நிற்கும், இலை பளபளக்கும், பூகூடப் பூக்கும். காய் மட்டும் இருக்காது. அப்போது உரத்தின் மேல் பழி போடுவோம். உண்மையில் பெரும்பாலும் கன்று வாங்கிய அன்றே கோட்டை விட்டிருப்போம்.

முதலில் குளிர். பேரி, குளிர்காலத்தில் உறங்கி எழும் மரம். ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர் அதற்கு இத்தனை மணி நேரம் என்று கிடைத்தாக வேண்டும். பார்ட்லெட் ரகத்துக்குச் சுமார் 800 மணி நேரம். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஆளுக்கொரு நேரத்தில் விழிக்கும். பூவும் இலையும் அரைகுறையாக வரும். குளிர் குறைந்த இடத்தில் ஹூட், கீஃபர் போன்ற ரகங்களைத்தான் தேட வேண்டும். மண்ணைத் திருத்தலாம், தண்ணீர் பாய்ச்சலாம், குளிரை எங்கிருந்து கொண்டுவருவது?

அடுத்தது, ஒற்றை மரத்தை நட்டுவிட்டுக் காத்திருப்பது. பெரும்பாலான பேரி ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் பக்கத்தில், 15 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. கான்ஃபரன்ஸ் மாதிரி சில ரகங்கள் தனியாகவும் ஓரளவு காய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் துணை இருந்தால் காய்ப்பு வேறு.

"இரண்டு மரம் வைத்திருக்கிறேனே" என்பவர்களும் இங்கே ஏமாறுவதுண்டு. பார்ட்லெட்டும் வில்லியம்ஸும் ஒரே ரகத்தின் இரண்டு பெயர்கள். சிவப்பு பார்ட்லெட், பார்ட்லெட் மரத்தின் ஒரு கிளையில் நிறம் மாறிப் பிறந்தது. மகரந்தக் கணக்கில் அதுவும் அதே ஆள்தான். இந்த மூன்றையும் வரிசையாக நட்டாலும் ஒற்றை மரம் வைத்த கதைதான். பார்ட்லெட்டும் செக்கலும் வேறு வேறு ரகங்கள், ஆனாலும் ஒன்றுக்கொன்று உதவாது. மேக்னஸ் ரகத்தின் மகரந்தம் யாருக்குமே பயன்படாது. அதை வைத்தால் இன்னும் இரண்டு ரகங்கள் தேவைப்படும். ஆசியப் பேரிகள் பொதுவாக ஐரோப்பியப் பேரிகளைவிடச் சில நாள் முந்திப் பூத்துவிடுவதால் அந்த ஜோடியையும் நம்பி இருக்க முடியாது. போதாததற்கு, பேரிப் பூவின் தேனில் இனிப்பு குறைவு. பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். அதைக் குறை சொல்ல முடியுமா?

கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேட்கிறோம், எந்த வேர்ச்செடியில், அதாவது வேருக்காக அடியில் வைத்த எந்தச் செடியில், ஒட்டியது என்று கேட்பதில்லை. மரம் எவ்வளவு உயரம் போகும், எப்போது காய்க்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது வேர்ச்செடிதான். பேரிக்கு உறவான குயின்ஸ் என்ற பழமரத்தின் வேரில் ஒட்டிய மரம் குட்டையாக இருக்கும், சீக்கிரம் காய்க்கும். ஆனால் பார்ட்லெட்டுக்கும் குயின்ஸுக்கும் ஒத்துப்போகாது. இடையில் இரண்டோடும் ஒத்துப்போகும் வேறொரு ரகத்துண்டு வைத்து ஒட்டியிருக்க வேண்டும். நேரடியாக ஒட்டியிருந்தால் என்றாவது ஒரு காற்றில் ஒட்டிய இடத்தில் முறிந்துவிடும். நடும்போது அந்த ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியட்டும். புதைத்தால் மேல் ரகமே வேர்விட்டு, குட்டை மரம் நெட்டை மரமாகிவிடும். விதையிலிருந்து வளர்க்கலாமா என்றால், வளர்க்கலாம். தின்ற பழம் திரும்பக் கிடைக்காது, அவ்வளவுதான்.

வளர்ப்பில் பெரிய தவறு அக்கறை கூடிப்போவது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இளந்தளிர் கொழுகொழுவென்று வரும், தீக்கருகல் நோய்ப் பாக்டீரியாவுக்கு அதுதான் விருந்து. தளிர் நுனி கைத்தடியின் பிடிபோல் வளைந்து, இலை கருகியும் உதிராமல் தொங்கினால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம். கருகிய இடத்தோடு வெட்டி நிறுத்தாதீர்கள், 30 செ.மீ. கீழே தள்ளி வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். பலமான கவாத்தும் இதே மாதிரி தளிர்களைக் கிளப்பிவிடும். பேரிக் கிளைகள் இயல்பாகவே செங்குத்தாக ஏறும். வெட்டித் தள்ளுவதைவிட, இளசாக இருக்கும்போதே கயிறு கட்டிச் சாய்த்து வளைப்பது மேல். சாய்ந்த கிளை சீக்கிரம் பூக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட அறுவடையில் தவறுகிறார்கள். ஐரோப்பியப் பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால், தோல் நன்றாக இருக்கும்போதே நடுப்பகுதி பழுப்பாகி அழுகிவிடும். காயைக் கையில் ஏந்திக் கிடைமட்டமாகத் தூக்கிப் பாருங்கள். காம்பு சுலபமாகக் கழன்றால் பறிக்கும் நேரம். கல்லாட்டம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் குளிரில் வைத்து, அப்புறம் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். ஆஞ்சூ, கோமிஸ் ரகங்களுக்குக் குளிரில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். காம்பருகே அழுத்தினால் லேசாக அமுங்கும் நாளில் சாப்பிடலாம். ஆசியப் பேரிக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. மரத்திலேயே பழுக்க விட்டு, பறித்த கையோடு கடிக்கலாம்.