இரண்டு இரவு ரயில் பயணம்: சென்னையிலிருந்து முதன்முறை கிளம்புவோர் செய்யும் தவறுகள்

மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலில் போய்வராத சென்னைக்காரர்கள் குறைவு. ராத்திரி எழும்பூரில் ஏறிப் படுத்தால், காலையில் ஊர் வந்துவிடும். சாப்பாடு வீட்டிலேயே முடிந்திருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் போதும். போர்வை மறந்தாலும் சமாளித்துவிடலாம். இதே பழக்கத்தோடு டெல்லிக்கோ காசிக்கோ கொல்கத்தாவுக்கோ முதன்முறை கிளம்பும்போதுதான் சிக்கல். சென்ட்ரலில் இரவு பத்து மணியளவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லி போய்ச் சேர்வது மூன்றாம் நாள் காலை. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் அந்தப் பெட்டியிலேயே கழியும். ஓரிரவுக்கான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு இதை ஓட்ட முடியாது. முதல் பயணத்தில் நடக்கும் முக்கால்வாசித் தவறுகள் இதை யோசிக்காததால் வருபவைதான்.

டிக்கெட்டைப் பாதி மட்டும் படிப்பது

பலரும் டிக்கெட்டில் தேதி, பெட்டி எண், பெர்த் எண் மூன்றையும் பார்த்துவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள். ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன், புறப்படும் நேரம் ஆகியவற்றைப் படிப்பதில்லை.

முதலில் ஏறும் இடம். "ஊருக்குப் போற வண்டின்னா எழும்பூர், வடக்கே போறதுன்னா சென்ட்ரல்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்த கணக்கு. இப்போது அதை நம்பிக் கிளம்பக்கூடாது. வடக்கே போகும் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. பெங்களூரிலிருந்து வந்து பெரம்பூரில் மட்டும் நின்று வடக்கே போகிற வண்டிகளும் உண்டு. அவை சென்ட்ரலுக்குள் வருவதே இல்லை. எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் அங்கிருந்து கிளம்பும் வண்டிகளை அவ்வப்போது வேறு ஸ்டேஷனுக்கு மாற்றுகிறார்கள். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, கிளம்பும் நாளன்று ரயில்வே ஆப்பிலோ ரயில்வே உதவி எண் 139-லோ இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இறங்கும் இடத்திலும் இதே கதைதான். டெல்லி என்றால் புதுடெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று தனித்தனி ஸ்டேஷன்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. காசிக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வாரணாசி ஜங்ஷன் ஒன்று, முன்பு மண்டுவாடி என்றிருந்த பனாரஸ் இன்னொன்று, முகல்சராய் என்று நாம் கேட்டுப் பழகிய தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன் கங்கைக்கு மறுகரையில் மூன்றாவது. அழைத்துப் போக வருபவர் ஒரு ஸ்டேஷனிலும் நீங்கள் இன்னொன்றிலும் நிற்கக்கூடாது அல்லவா?

நள்ளிரவுத் தேதிக் குழப்பத்தில் படித்தவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கெட்டில் 15-ம் தேதி, 00.20 என்று இருந்தால் நீங்கள் ஸ்டேஷனில் நிற்க வேண்டியது 14-ம் தேதி இரவு. 15-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் வண்டி ஒரு நாள் முன்னாலேயே போயிருக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் புறப்படும் வண்டியில் டிக்கெட் எடுத்தால், வீட்டுக் காலண்டரில் முந்தின நாளிலேயே ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று: சென்ட்ரலிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று பெரம்பூரில் ஏறலாம் என நினைப்பது. சென்ட்ரலில் நீங்கள் ஏறவில்லை என்று டிடிஆர் குறித்துக்கொண்டால் உங்கள் பெர்த், முழு பெர்த் கிடைக்காமல் ஆர்ஏசியில் காத்திருப்பவருக்குப் போய்விடலாம். ஏறும் இடத்தை ஆன்லைனிலேயே முன்கூட்டி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றிவிட்டால் மறுபடி பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

"வெயிட்டிங் லிஸ்ட்தான், ஏறிப் பாத்துக்கலாம்"

இந்தப் பேச்சை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடும் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறக்கூடாது. ஆர்ஏசி வேறு: ஏறலாம், ஆனால் சைடு லோயரில் இன்னொருவரோடு பங்கு போட்டு உட்கார வேண்டியிருக்கும். ஓரிரவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு இரவு, அதுவும் வயதானவர்களோடு என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பது என் கருத்து. தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. அந்தப் பழைய கணக்கைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தட்கலை நம்பி ஒரு குடும்பத்தின் முதல் பயணத்தைத் திட்டமிடுவதும் சரியில்லை. தட்கல் முன்பதிவு தொடங்குவதே முந்தின நாள் காலைதான்: ஏசிக்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொரு மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதைப் பத்து மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்ய உட்கார்ந்தால் நடக்காது. கன்பர்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தாலும் பணம் திரும்பாது.

அடையாள அட்டை பற்றி ஒரு வரி. ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது அசல் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது.

சாமான்

இரண்டு பெரிய சூட்கேஸைவிட நான்கு நடுத்தரப் பை நல்லது. அகலமான சூட்கேஸ் லோயர் பெர்த்துக்கு அடியில் நுழைவதே கஷ்டம். நடைபாதையில் வைத்தால் இரவு முழுக்க யாராவது இடித்துக்கொண்டே போவார்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம்தான். ஆனால் அதைத் தூக்கி நடக்கப் போவது நீங்கள். சென்ட்ரலில் வண்டிகள் முட்டி நிற்கும் முனையிலிருந்துதான் உள்ளே போகிறோம். ஒரு பெட்டியின் நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டி வண்டியில் உங்களுடையது மறுமுனையில் இருந்தால் அரை கிலோமீட்டர் நடை, அதுவும் தள்ளுவண்டிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில். புறப்பட அரை மணி இருக்கும்போது ஈ.வெ.ரா. பெரியார் சாலை நெரிசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நடையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் பிளாட்பாரத்தில் இருங்கள். மெட்ரோவிலோ, பார்க் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலிலோ வந்தால் சாலை நெரிசலே கிடையாது.

தலைமாட்டில் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு சின்னப் பை வேண்டும். மருந்து, சார்ஜர், பவர் பேங்க், டார்ச், சோப்பு, துண்டு, கொஞ்சம் சில்லறை எல்லாம் அதில். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சூட்கேஸின் அடியில் போய்விட்டால், நள்ளிரவில் மற்றவர்கள் தூங்கும்போது விளக்கைப் போட்டுக் கலைத்துத் தேட வேண்டியிருக்கும். மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி தாமதமாகலாம். பல ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் போடும் பாயின்டில் மின்சாரம் வராது. எனவே படுக்குமுன் போனில் சார்ஜ் இருக்கட்டும். பெரிய பைகளைப் பெர்த்துக்கு அடியில் இருக்கும் வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிடலாம். ஸ்லீப்பரில் ஜன்னலோரம் போனைக் கையில் நீட்டிப் பிடித்துப் பேசாதீர்கள். வண்டி சிக்னலில் நிற்கும்போது வெளியிலிருந்து தட்டிப் பறிப்பவர்கள் உண்டு.

சாப்பாடு, தண்ணீர், வெயில், குளிர்

முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வீட்டுச் சாப்பாடு, பிறகு வண்டியில் வாங்கிக்கொள்வது என்று பிரித்துக்கொண்டால் தொந்தரவு இல்லை. இட்லியை நன்றாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டினால் காலை வரை தாங்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி நீராகி இறங்கி நொசநொசவென்று ஆகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். புளியோதரை மறுநாள் மதியம் வரை வரும். தேங்காய் சேர்த்த எதையும் எடுத்துப் போகாதீர்கள். சட்னியும் தேங்காய் சாதமும் சென்னைப் புழுக்கத்திலேயே முதலில் கெடுபவை. தயிர்சாதம் என்றால் பாலை அதிகமாக விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து பிசையுங்கள், அதையும் காலைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வயிறு கெட்டால் பயணத்தின் மீதி முழுக்க அந்தச் சின்னக் கழிவறைக்கும் பெர்த்துக்கும் நடுவில்தான்.

"வழியெல்லாம் கிடைக்கும்" என்று தண்ணீரை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. கோடையில் இது ஆபத்தாகவே முடியலாம். காலையில் வாரங்கல் தாண்டியதிலிருந்து பிற்பகல் நாக்பூர் வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாட்டின் மிகச் சூடான பகுதிகளில் ஒன்றான பல்ஹார்ஷா, சந்திரபூர் பக்கம்தான் ஓடுகிறது. மே மாதத்தில் ஸ்லீப்பர் ஜன்னல் வழியாக வருவது அனல் காற்று. ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர், கூட நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட், நனைத்துப் போட்டுக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் கோடையில் போவதாக இருந்தால், கையில் காசு இடம் கொடுக்கும் பட்சத்தில், மூன்றடுக்கு ஏசியே எடுத்துவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். சென்னையில் ஃபேன் போட்டுத் தூங்கிவிட்டுக் கிளம்பியவர்களுக்கு, இரண்டாம் இரவு போபாலைத் தாண்டியதும் ஸ்லீப்பரில் பல் கிட்டிக்கும். ஏசி பெட்டியில் கம்பளி, தலையணை, விரிப்பு தருவார்கள். ஸ்லீப்பரில் பொதுவாக எதுவும் தர மாட்டார்கள். ஸ்வெட்டர், மங்கி குல்லா, கனமான போர்வை எல்லாம் மேலாகக் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும். அந்த மாதங்களில் வடக்கே பனிமூட்டத்தால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். டெல்லியில் இறங்கி மூன்று மணி நேரத்தில் அடுத்த ரயில் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கொண்டுபோகக் கூடாதது

ஸ்டவ், கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு. குழுவாகக் காசி யாத்திரை போகிறவர்களில் சிலர் "ஒரு காபி போட்டுக்கத்தானே" என்று சின்ன சிலிண்டரை மூட்டைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். லக்னோவிலிருந்து வந்த பயணிகள் விதியை மீறிக் கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். நின்றுகொண்டிருந்த பெட்டியிலேயே அப்படி. ஓடுகிற வண்டியில், பூட்டிய கதவுகளுக்கு நடுவில் யோசித்துப் பாருங்கள். உங்கள் குழுவில் யாராவது எடுத்து வந்தால் பிளாட்பாரத்திலேயே தடுத்துவிடுங்கள், மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை.

வண்டிக்குள்

மிடில் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம். பகலில் லோயர் பெர்த் எல்லோரும் உட்காரும் இடம். இது தெரியாமல் ஏறிய கணத்திலேயே படுக்கையை விரித்துக்கொண்டு சண்டை போடுவோர் அதிகம். ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து உட்காரப் போகிறவர்களிடம் ஆரம்பத்திலேயே முகம் சுளிக்க வேண்டாம். "அண்ணா, கொஞ்சம் பையைப் பாத்துக்கோங்க" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம் இருந்தாலே எவ்வளவோ உதவி. அதே சமயம், அறிமுகமில்லாதவர் தரும் டீ, பிஸ்கட் வேண்டாம். நல்ல மனிதராகவே இருக்கலாம், இருந்தாலும் வேண்டாம்.

இடையில் இறங்குவதில்தான் உயிர் போகிறது. மின்சார ரயிலில் ஓடி ஏறிப் பழகிய சென்னைப் பிள்ளைகள், விஜயவாடாவிலோ நாக்பூரிலோ தண்ணீர் பிடிக்க இறங்கி, வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து கம்பியைப் பிடிக்கிறார்கள். புதிய பெட்டிகளைக் கொண்ட வண்டி கிளம்புவது சத்தமே இல்லாமல் இருக்கும். தாமதமாக வரும் வண்டி, அட்டவணையில் போட்டிருக்கும் பத்து நிமிடமும் நிற்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் பெட்டிக் கதவை விட்டு நாலு எட்டுக்கு மேல் போகாதீர்கள். வண்டி நகர்ந்துவிட்டால் எந்தக் கதவாவது என்று பாயாதீர்கள். நின்றுவிடுங்கள், 139-க்கு அடியுங்கள், உள்ளே இருக்கும் குடும்பத்துக்குப் போன் போடுங்கள். அதற்காகவே போனும் டிக்கெட் விவரமும் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டில் வண்டி எண், பிஎன்ஆர், பெட்டி, பெர்த், வீட்டு நம்பர் எழுதி வைத்துவிடுங்கள், சார்ஜ் தீர்ந்தாலும் உதவும். வீட்டில் ஒருவரிடமும் அதே விவரம் இருக்கட்டும்.

இறங்கும் ஸ்டேஷன் விடியற்காலையில் வந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். டிக்கெட் நேரத்துக்கு அலாரம் வைப்பதும் போதாது, வண்டி எவ்வளவு தாமதம் என்று படுக்குமுன் ஆப்பில் பார்த்துவிட்டு, அதற்கு அரை மணி முன்னால் வையுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டைப் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவதும் கூடாது. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை சமயத்தில் அது கிடைக்கவே கிடைக்காது. போகும் டிக்கெட் எடுக்கும் நாளில் திரும்பும் தேதிக்கு முன்பதிவு பெரும்பாலும் திறந்திருக்காது. பத்தாம் தேதி போய் பதினெட்டாம் தேதி திரும்புவதாக இருந்தால், போகும் டிக்கெட் எடுத்து எட்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு மறுபடி உட்கார வேண்டும். அந்த நாளுக்கும் இப்போதே போனில் ஒரு அலாரம் போட்டு வையுங்கள்.