குழப்படி வகுப்புக்குப் பதில் ரீச்சராப் போறியளோ?

டிகிரி முடிச்சிட்டு நியமனத்தைப் பாத்துக்கொண்டு வீட்டில இருக்கிற ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில கெதியாக் கிடைக்கிற வேலை இதுதான். ஆரோ ஒரு ரீச்சர் பிரசவ லீவில போவா, அது 84 வேலை நாள், பள்ளிக்கூடத்தில ஆள் இல்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ பஸ் காசுக்குக் காணுமாப்போல ஏதும் தரும், நீங்கள் திங்கக்கிழமை சாறியோட போய் நிப்பியள். அப்பிடித்தான் நானும் போனனான். தரம் 9, கணிதம், 38 பேர், பெடியளும் பெட்டையளும் கலந்த வகுப்பு. ஸ்ராஃப் ரூமில "எந்த வகுப்பு?" எண்டு கேட்டிச்சினம், சொன்னன், ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சினம். எனக்கு அப்பவே வயித்துக்க என்னவோ செய்தது.

முதல்நாள் நான் விட்ட பிழையைச் சொல்லுறன், நீங்கள் விடாதேங்கோ. உள்ள போன உடன "சத்தம் போடாதேங்கோ" எண்டு கத்தினன். ஒரு நிமிசம் அடங்கினவங்கள். பேந்து கடைசி வாங்குப் பக்கம் இருந்து வாய் திறக்காம "ம்ம்ம்" எண்டு ஒரு சத்தம், குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில நிண்ட மாதிரி. எல்லாரும் நல்ல பிள்ளையள் மாதிரி கொப்பியைப் பாத்துக்கொண்டு இருக்கினம், ஆர் எண்டு பிடிக்கவே ஏலாது. "ஆரது?" எண்டு கேட்டன், அவ்வளவுதான், சத்தம் முன் வாங்கு மட்டும் வந்திட்டுது. 40 நிமிசப் பாடத்தில அரைவாசிக்கு மேல அதோட போச்சு.

அதால "ஆர் செய்தது" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. ஒருத்தரும் சொல்லப் போறேல்லை, நீங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறதுதான் அவையளுக்குப் பகிடி. பாடத்தைச் சொல்லிக்கொண்டே சத்தம் வாற பக்கம் மெல்ல நடவுங்கோ, அந்த மேசைக்குக் கிட்ட நிண்டு ஒரு கொப்பியை எட்டிப் பாருங்கோ, ஒண்டும் கேக்காதேங்கோ. நீங்கள் நிக்கிற இடத்தில ஒருத்தனும் முனகமாட்டான். ஆனா இதுக்கு நீங்கள் கரும்பலகையை விட்டு வெளிக்கிட வேணும், அதால உள்ள போன உடனயே, இடாப்பு எடுக்க முதலே, ரெண்டு கணக்கைப் பலகையில எழுதிப் போடுங்கோ. லேசான கணக்காப் பாத்து எழுதுங்கோ. பிள்ளையளுக்கு கை வேலை இருக்கேக்க வாய் எப்பன் குறையும்.

பேர் பழகிறதுதான் பெரிய வேலை. இடாப்புக் கூப்பிடேக்க ஒருத்தன்ர பேருக்கு இன்னொருத்தன் "பிரசன்ற் ரீச்சர்" எண்டு சொல்லுவான், வராதவனுக்கும் ஆள் எழும்பும், நான் ஒரு கிழமையா ரெண்டு பெடியளை மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறன், முழு வகுப்பும் வாயைப் பொத்திச் சிரிச்சிருக்கு. பேந்து ஒருநாள் எல்லாற்ர கொப்பியையும் திருத்தவெண்டு வாங்கி, திருப்பிக் குடுக்கேக்க மட்டையில கிடக்கிற பேரையும் இருக்கிற இடத்தையும் ஒரு தாளில படமாக் கீறி வைச்சன். அடுத்த நாள் பின் வாங்கில இருந்தவனைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட அவன்ர மூஞ்சியைப் பாத்திருக்க வேணும்.

"இது ரியூசன்ல முடிஞ்சுது ரீச்சர்" எண்டும் கட்டாயம் சொல்லுவினம். யாழ்ப்பாணத்தில இதுக்கு தப்பேலாது, பின்னேரம் ரியூசன்ல ஒரு அலகு முன்னுக்குத்தான் ஓடும். கோவிக்காதேங்கோ. "சரி, அப்ப வந்து இந்த ஒண்டைச் செய்து காட்டுங்கோ" எண்டு வெண்கட்டியைக் குடுங்கோ. பாதிப்பேர் விடையைப் பாடமாக்கி வைச்சிருப்பினம், வழி தெரியாது. ஆனா அங்க நிக்க வைச்சு அவமானப்படுத்தாதேங்கோ, விட்ட இடத்தில இருந்து நீங்கள் தொடருங்கோ.

தடி எடுக்கிற கதைக்கு வருவம். தாய் தேப்பனே வந்து "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ ரீச்சர்" எண்டு சொல்லுற ஊர் இது, அதை அடிக்கத் தாற லைசென்ஸ் எண்டு நினைச்சிடாதேங்கோ. கல்வி அமைச்சின்ர 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனை கூடாது எண்டு சொல்லுது, 2021 இல உயர் நீதிமன்றம் மாணவன் ஒருத்தன்ர காதில ஆசிரியர் அறைஞ்ச வழக்கில அது சித்திரவதையும் கொடுமையான, இழிவான நடத்தையும் கூடாது எண்டு சொல்லுற அரசியலமைப்பின்ர 11ஆம் உறுப்புரையை மீறின செயல் எண்டு தீர்ப்புச் சொல்லி ஆசிரியரையும் நட்டஈடு கட்டச் சொன்னது. நியமனமே இல்லாம நிக்கிற எங்களுக்கு பின்னால ஆர் வரப்போகினம்? அதோட அடி வாங்கிப் பழகின பெடியனுக்கு உங்கட அடி ஒரு கணக்கே இல்லை. வெருட்டுறதும் அப்பிடித்தான், "அதிபரிட்டக் கூட்டிக்கொண்டு போவன்" எண்டு மூண்டு தரம் சொல்லிப் போட்டு போகாட்டி நாலாம் தரம் அவங்களே "போவம் ரீச்சர்" எண்டு எழும்புவாங்கள். எனக்கு நடந்தது.

ஒருத்தனோட பிரச்சினை எண்டா மற்றாக்களுக்கு முன்னால கதைக்காதேங்கோ, அவனும் தோக்கேலாது, நீங்களும் தோக்கேலாது, ரெண்டு பேரும் மாட்டுப்படுவியள். மணி அடிச்சாப் பிறகு இன்ரேவலுக்கு எல்லாரும் ஓடேக்க "நீர் ஒருக்கா நில்லும்" எண்டு சொல்லி விறாந்தையில நிண்டு கதையுங்கோ. எங்கட வகுப்பில முனகல் தொடக்கிறவன் ஆர் எண்டு எனக்கு ரெண்டாம் கிழமைதான் தெரிஞ்சது. நான் ஏசேல்லை, விடிய எத்தினை மணிக்கு எழும்புறனீர் எண்டு கேட்டன். நாலு மணியாம். தேப்பனோட சந்தைக்கு மரக்கறி ஏத்திவிட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் வாறவனாம்.

அடுத்த நாள் சதவீதம் படிப்பிக்கேக்க புத்தகக் கணக்கை விட்டிட்டு சந்தைக் கணக்கை எழுதினன். 120 கிலோ கத்தரிக்காய், கிலோ 150 ரூபா, தோட்டக்காரனுக்கு எவ்வளவு வரும்? 18,000 எண்டு முன் வாங்கு கத்திச்சுது. பின்னுக்கிருந்து இவன், "பிழை ரீச்சர், கழிவு எடுப்பினம்." நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ வியாபாரி கழிச்சுப் போடுவார், இஞ்ச தோட்டம் செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், நான்தான் மறந்து போனன். அப்ப 108 கிலோவுக்குத்தான் காசு, 16,200. "1,800 சும்மா போகுதோ?" எண்டு ஒரு பெட்டை கேட்டாள், அதில இருந்து வகுப்பு முழுக்க ஒரே சண்டை, சத்தம் அதிபரின்ர ஒஃபிஸ் மட்டும் கேட்டிருக்கும், ஆனா எல்லாம் கணக்குச் சண்டை. அந்தச் சத்தத்தை அடக்காதேங்கோ.

எல்லா நாளும் இப்பிடி வராது, சொல்லிப்போட்டன். மார்ச்சில யாழ்ப்பாணம் சென்றல் கொலிஜுக்கும் சென்ற் ஜோன்ஸ் கொலிஜுக்கும் கிரிக்கெட் பிக் மட்ச் வாற கிழமை ஒண்டும் ஏறாது, பழைய பயிற்சியைச் செய்வியுங்கோ. கடைசிப் பாடவேளையும் அப்பிடித்தான். தொண்டை போனா இரவில மல்லி அவிச்சுக் குடியுங்கோ.

ரீச்சர் லீவு முடிஞ்சு வரேக்க எந்தப் பக்கத்தில நிப்பாட்டினது, ஆருக்கு என்ன விளங்கேல்லை எண்டு ஒரு தாளில எழுதிக் குடுங்கோ, ஆர் குழப்படி எண்டு எழுதாதேங்கோ, அவவுக்குத் தெரியாததே. நான் கீறின அந்த இருக்கைப் படத்தையும் சேர்த்துக் குடுத்தன், கடைசி வாங்கில ஒரு பேருக்குப் பக்கத்தில "சதவீதம் இவனிட்டக் கேளுங்கோ" எண்டு எழுதி.