கடல் பறவை கொலாஜ்: ஒட்டி முடிச்சத எப்படி செரி பண்றது

பிளாஸ்டிக்கால சாகற கடல் பறவைன்னு கொலாஜ், அதாவது துண்டு துண்டா வெட்டி ஒட்டற படம், பண்றவங்க முக்காவாசிப் பேரு பறவைய நடுவுல ஒட்டி, சுத்தியும் பாட்டில், கவர், ஸ்ட்ரான்னு நெரப்பி வச்சுருவாங்க. பாத்தா ஏதோ குப்பமேட்டுல பறவை நிக்குதுன்னுதான் தோணும். பிரச்சன பறவைக்கு வெளிய மட்டும் இல்லீங்க, வயித்துக்குள்ள. ஒட்டுனத தூக்கி எறிய வேண்டாம், ஒவ்வொண்ணா மாத்தலாம் வாங்க.

1. போன்ல ஒரு போட்டோ. அத கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. பறவை எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலைன்னா பின்னாடி டோன், அதாவது கலரோட வெளுப்பு கருப்பு அளவு, செரியில்ல. கருநீலப் பேப்பர கையாலயே கிழிச்சு, தலையோட ஓரம் வரைக்கும் மேல மேல ஒட்டுங்க. கடலுக்குக் கிழிச்ச ஓரம், பறவைக்கு கத்திரி ஓரம், அவ்வளவுதான்.

2. எந்தப் பறவைன்னு முடிவு பண்ணுங்க. காக்காவும் இல்லாம புறாவும் இல்லாம ஒண்ணு வேண்டாம். நான் லேசன் ஆல்பட்ராஸ்ங்கற பெரிய கடல் பறவையத்தான் சொல்லுவேன். தலையும் வயிறும் வெள்ள, முதுகும் றெக்க மேல்பக்கமும் கருஞ்சாம்பல், கண்ணச் சுத்தி மை அப்புன மாதிரி ஒரு கறை, ரோஸ் கலர் மூக்கு, நுனி மட்டும் சாம்பலா வளஞ்சிருக்கும். றெக்கைய விரிச்சா ஏறக்குறைய 2 மீட்டர், அதனால நீளமா ஒல்லியா வெட்டுங்க. வெள்ளைக்கு பழைய கல்யாணப் பத்திரிக்கையோட பின்பக்கம் அருமையா இருக்கும்.

3. வயிறு. இங்கதான் நேரம் போகும், போகட்டும். வயித்துல கட்டரால ஒரு ஓட்ட போட்டு, துண்டுகள அடியில இருந்து வைக்கோணும், மேல ஒட்டக்கூடாது. எந்தத் துண்டுன்னு கேட்டீங்கன்னா, பசிபிக் கடல்ல மிட்வேன்னு ஒரு தீவுக்கூட்டம், 2009-ல கிறிஸ் ஜோர்டான்ங்கறவரு அங்க செத்துக் கெடந்த குஞ்சுகள போட்டோ எடுத்தாரு, வயித்துக்குள்ள பாட்டில் மூடியும் லைட்டரும் அப்படியே கெடந்துச்சு. அத தாய் தகப்பனேதாங்க எரைன்னு நெனச்சு ஊட்டுனது. பறக்கற மீனு மெதக்கற சாமான்ல முட்ட ஒட்டி வைக்கும், பறவை முட்டைய திங்கறப்ப பிளாஸ்டிக்கும் சேந்து போயிருது. இன்னொண்ணு, கடல்ல கெடக்கற பிளாஸ்டிக்ல பாசி புடிச்சு எர வாசன வந்துருது, மோப்பம் புடிச்சு எர தேடற கடல் பறவைங்கதான் பிளாஸ்டிக்க அதிகமா முழுங்குதுன்னு 2016-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு.

அதனால பளபளன்னு புது மூடி ஒட்டாதீங்க. உப்புத்தாள்ல தேச்சு மங்க வச்சு, முனைய மழுக்கி, மேல ஒரு கிழிசல் பச்சப் பேப்பரு, பக்கத்துல மஞ்சப் பேப்பர்ல பஞ்சிங் மெஷின் துளிகள முட்டைக்குன்னு நாலஞ்சு வைங்க. நடுவுல கருப்பா வளஞ்ச சின்னத் துண்டுகளும் போடுங்க, அது கணவாயோட அலகு, பறவையோட நெசமான சாப்பாடு. செவப்பு ஒரே ஒரு துண்டு போதும். அப்பறம், நம்மூரு பால் கவர ஒட்டி மிட்வேன்னு எழுதிடாதீங்க, நொய்யல்ல போட்டது காவிரில சேந்து வங்கக்கடலுக்குத்தான் போகும்!

4. ஒட்டறது. பேப்பருக்கு ஃபெவிகால கொஞ்சம் தண்ணி விட்டு, நடுவுல இருந்து வெளிய பழைய ஏடிஎம் கார்டால தள்ளுங்க, சுருக்கம் வராது. கவருக்கு ஃபெவிகால் நிக்காதுங்க, காஞ்சதும் உரிஞ்சுட்டு வந்துரும். தச்சுருங்க, திருப்பூர் பக்கம் நூலுக்கா பஞ்சம். மொதல்ல ஊசியால மட்டும் ஓட்ட போட்டுக்கோங்க, அரை சென்டிமீட்டராவது தள்ளித் தள்ளி, இல்லைன்னா பேப்பரு ஸ்டாம்ப் கணக்கா கிழிஞ்சுரும். நூல் நுனிய ரெண்டு மூணு எடத்துல வெட்டாம விடுங்க, மீன்வலை நரம்பு அதுலயே வந்துருது.

5. எடுக்க வேண்டியது. பறவை கண்ணுல கண்ணீர் இருந்தா உரிச்சுருங்க. மார்க்கர்ல எழுதுன ஸ்லோகனும் வேண்டாம், வயித்துல அவ்ளோ வேல பண்ணிட்டு எதுக்கு அது.

போட்டோ எடுக்கறப்ப ஃபிளாஷ் ஆஃப் பண்ணிருங்க, கவர் மின்னும், காலைல திண்ணை நெழல்ல வச்சு நேர் மேல இருந்து எடுங்க. ஃப்ரேம் போடறதா இருந்தா கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டு, அதான் ஓரத்துக்கு வைக்கற கெட்டி அட்ட, வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா மூடி அழுந்தி பேப்பரு பொடச்சுக்கும்.