பலகை விளையாட்டு மாதிரி: காலையில் கணக்கு, மாலையில் ஆட்டம்

பலகை விளையாட்டு வடிவமைப்பவரின் நாளில் பெரும்பகுதி ஸ்கேல், கட்டர், நோட்டு ஆகியவற்றோடுதான் கழியும். நேற்றைய ஆட்டம் எங்கே தடுக்கியது என்று கண்டு, திருத்தி, இன்று மாலைக்குள் மறுபடி மேசையில் வைப்பதே அன்றாட வேலை. அதனால் ஆட்டத்தின் மாதிரியை, அதாவது சோதித்துப் பார்க்கக் கையால் செய்யும் வடிவத்தை, சீக்கிரம் செய்யவும், மனம் நோகாமல் கிழித்துப் போடவும் பழகுங்கள்.

தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்தைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். நமக்குத் தெரிந்த தாயக்கட்டையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டை உருட்டினால் 16 விதமாக விழும். அதில் தாயம் (இரண்டும் சேர்ந்து 1) 2 விதம், அதாவது எட்டில் ஒன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம் என்பது விதி. எட்டு முறை உருட்டியும் காய் இறங்காமல் இருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மதியம் முழுக்கத் திண்ணையில் ஆடுபவர்களுக்கு அந்தக் காத்திருப்பே சுகம். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் அதைத் தாங்காது. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டில் 36 விதம்: 7 ஆறு விதமாக வரும், 2-உம் 12-உம் ஒவ்வொரு விதம்தான். 1995இல் வந்த ஜெர்மானிய ஆட்டமான கட்டானில் எண் வில்லைகளில் இதையே புள்ளிகளாகக் காட்டியிருப்பார்கள். 6க்கும் 8க்கும் ஐந்து புள்ளி, 2க்கும் 12க்கும் ஒன்று. ஆடுபவர் கணக்குப் போடவே வேண்டாம். அருமையான ஏற்பாடு அது.

நேரத்தையும் அப்போதே கணக்கிடுங்கள். நாலு பேர், எட்டுச் சுற்று, முறைக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 48 நிமிடம். முறை இரண்டு நிமிடமாக நீண்டால் 64. அதைவிட மோசம், ஒவ்வொருவரும் தன் முறைக்காக ஆறு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை செல்போனுக்குப் போவது அங்கேதான்.

அடுத்து சீட்டு. வழக்கமான அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும், 54 சீட்டுக்கு ஆறு தாள் போதும். தடித்த அட்டை வேண்டாம். சாதாரணத் தாளில் அச்சிட்டு, பழைய சீட்டுக்கட்டின் சீட்டோடு சேர்த்து ஸ்லீவுக்குள் (சீட்டுக்கான பிளாஸ்டிக் உறை) செருகினால் கலைக்கவும் வரும், மாற்றவும் நொடிதான். பிரிண்ட் அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். தாளுக்குள் அடங்கும்படி தானாகச் சுருக்கும் அமைப்பு இருந்தால் சீட்டு ஓரிரு மில்லிமீட்டர் குறைந்து ஸ்லீவுக்குள் நழுவும். கட்டரை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டி, அழுத்தாமல் இரண்டு முறை இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் போனால் கோணும். விலை, எண் எல்லாம் இடது மேல்மூலையில் இருக்கட்டும், கையில் விசிறியாகப் பிடிக்கும்போது தெரிவது அந்த மூலை மட்டுமே. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் தேதி எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் பழையதும் புதியதும் ஒரே கட்டில் கலந்துவிடும்.

காய்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான் எதுவும் ஆகும். சிவப்பையும் பச்சையையும் நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். பிரித்தறிய முடியாதவர்கள் பலர், குறிப்பாக ஆண்களில். வடிவமும் வேறாக இருக்க வேண்டும்.

மாலையில் சோதனை ஆட்டம். நீங்கள் ஆடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். யார் எந்தச் சுற்றில் பெருமூச்சு விட்டார், எந்த விதியை இரண்டு முறை கேட்டார், ஒரு முறைக்கு எத்தனை நொடி. முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கடைசி வரை கையிலேயே வைத்திருந்த சீட்டு எது? ஏன்?" என்று கேளுங்கள். அதில் வேலைக்கு ஆகும் பதில் கிடைக்கும். ஆட்டக்காரர் சொல்லும் தீர்வை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, சொல்லும் வலியை மட்டும் நம்புங்கள்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்; இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். மாற்றுவதைத் துணிந்து மாற்றுங்கள். ஒரு சீட்டின் விலை 4 அதிகம் என்று பட்டால் 3 ஆக்காமல் 2 ஆக்கிப் பாருங்கள், ஒன்று குறைத்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தில் மறைந்துவிடும். கட்டில் ஒன்றே ஒன்றாக உள்ள ஒற்றைச் சீட்டுகளையும் கவனியுங்கள்: 54இல் 27தான் ஆட்டத்தில் எடுக்கப்படுகிறது என்றால், அந்தச் சீட்டு பாதி ஆட்டங்களில் வரவே வராது. அதை நம்பி ஒரு வியூகத்தைக் கட்டாதீர்கள்.

பத்துப் பதினைந்து ஆட்டம் ஓடிய பிறகு விதித்தாளைச் சோதிக்க வேண்டும். ஆட்டத்தை அறியாதவர்களிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். இதுதான் மிகக் கடினமான பகுதி. தவறாக ஆடினாலும் குறுக்கிடக் கூடாது. அவர்கள் தலை தூக்கி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அப்போது படித்துக்கொண்டிருந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அந்த வரிகளை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.

கழித்த சீட்டுகளைக் குப்பையில் போடாமல், தேதியோடு ரப்பர் பேண்டு போட்டு ஒரு டப்பாவில் வையுங்கள்.