அமெரிக்கக் கனவுக்குக் கடன் வாங்கும் முன் போடவேண்டிய கணக்குகள்

அமெரிக்காவுக்குப் போகலாமா, அந்தக் கனவெல்லாம் இன்னும் நடக்குமா என்று யாராவது கேட்டால், எந்தக் கனவு என்று நான் திருப்பிக் கேட்பேன். சில வருடம் டாலரில் சம்பாதித்து, வீட்டுக் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டு ஊருக்கு வருவது ஒரு கனவு. அங்கேயே வேலை, வீடு, கிரீன் கார்டு, குடியுரிமை என்று வேர்விடுவது இன்னொன்று. நாம் எப்படி இருந்தாலும் சரி, பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வரவேண்டும் என்பது மூன்றாவது. முன்பெல்லாம் ஒன்று கிடைத்தால் மற்றதும் பின்னாலேயே வந்துவிடும். இன்றைக்கு அப்படி இல்லை. முதலாவது, கணக்குப் போட்டுப் போனால் இன்னமும் முடியும். இரண்டாவது, இந்தியாவில் பிறந்தவருக்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மூன்றாவது, எந்த ஊரில் பிள்ளை வளர்கிறது என்பதைப் பொறுத்தது. எம்எஸ் என்ற முதுகலைப் படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் அப்பா அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவேண்டிய கணக்குகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பழைய வெற்றிக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டுக்குப் போனது 1993 இல். நம் தெருவிலேயே 2000 வாக்கில் போய், இப்போது டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ சொந்த வீட்டில் இருப்பவர்களும் நிறைய. அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் 2001 முதல் 2003 வரை எச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்பு 1,95,000. இன்று அது 65,000, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000, அவ்வளவுதான். "நான் வந்த மாதிரியே நீயும் வந்துடலாம்" என்று அந்த மாமாவோ அண்ணனோ அன்போடுதான் சொல்கிறார், ஆனால் அவர் நுழைந்தபோது கதவு இரண்டு மடங்குக்கு மேல் திறந்திருந்தது.

திரும்பி வரும் கணக்கு

எல்லோரும் போகிற கணக்கைப் போடுகிறார்கள், இவ்வளவு கட்டணம், இவ்வளவு சம்பளம், இத்தனை வருடத்தில் அடைத்துவிடலாம் என்று. வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் போடுங்கள். அதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கணக்கு.

50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வையுங்கள். மாத இஎம்ஐ சுமார் 69,000 ரூபாய். ஆனால் படிக்கும் காலத்தில் தவணை கட்டவேண்டாம் என்று வங்கி சொல்வதை வட்டியும் ஏறாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். ஏறும். முதல் வருடம் 25 லட்சம், இரண்டாம் வருடம் 25 லட்சம் என்று எடுத்து, இரண்டரை வருடம் ஒன்றுமே கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும் நாளில் கடன் 61 லட்சத்தை நெருங்கியிருக்கும், இஎம்ஐ 84,000 ஆகியிருக்கும்.

இந்த 84,000 ரூபாய் என்பது ஆயிரம் டாலருக்குள்தான். டாலஸில் வருடம் 90,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டால், வரியெல்லாம் போக மாதம் ஆறாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கைக்கு வரும் (டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை). நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு இருந்தால், முழுக் கடனையும் மூன்று நாலு வருடத்தில் முடித்துவிடலாம். அதே கடனோடு சென்னைக்குத் திரும்பி 60,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால், சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் பற்றாது. அந்தப் பற்றாக்குறையை அப்பாவின் ஓய்வூதியமோ அம்மாவின் நகையோதான் அடைக்கும். கோ-அப்ளிகன்ட் (இணைக் கடனாளி) என்று அவர்கள் போடும் கையெழுத்துக்கு அதுதான் அர்த்தம்.

என் அளவுகோல் இது: திரும்பி வந்தால் இந்தியாவில் உங்களுக்கு உண்மையிலேயே கிடைக்கக்கூடிய சம்பளத்தில் பாதிக்குமேல் இஎம்ஐ போகக்கூடாது. போகும் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு வேண்டாம், வேறு பாருங்கள். இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துப் போவதையும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, இங்கே குலுக்கல் ஒன்று இருக்கிறது, அதற்குக் கெட்டிக்காரத்தனம் தெரியாது.

குலுக்கல்

படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற மாணவர் வேலை அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். படித்தது ஸ்டெம் பிரிவாக (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) இருந்தால் இன்னும் 24 மாதம் நீளும். ஆக மொத்தம் மூன்று வருடம், அதற்குள் எச்-1பி குலுக்கலில் பொதுவாக மூன்று முறை பெயர் போடலாம் (உச்சவரம்பைவிடக் கேட்பவர்கள் அதிகம் என்பதால்தான் குலுக்கல்). 2025 மார்ச் குலுக்கலில் தகுதியுள்ள பதிவுகள் சுமார் 3.4 லட்சம், தேர்வானவை சுமார் 1.2 லட்சம். மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள், மூன்று முறை போட்டும் ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல். நாலு பேர் சேர்ந்து ஒரே ஃபிளாட்டில் தங்கினால் அதில் ஒருவர், நல்ல வேலையில் இருந்துகொண்டே, பெட்டி கட்ட வேண்டிவரும்.

அதுவும் பழைய முறைப்படி. 2025 டிசம்பரில் இறுதியான விதியின்படி குலுக்கல் இனி சம்பள நிலையை வைத்து நடக்கிறது. மிக உயர்ந்த நான்காம் நிலைச் சம்பளத்துக்குப் பெயர் நான்கு முறை சேரும், மிகக் குறைந்த முதல் நிலைக்கு ஒரே ஒரு முறை. புதிதாகப் படித்து வெளியே வருபவருக்குப் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் நிலைதான் கிடைக்கும். அதனால் முன்அனுபவத்துக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டது. பி.இ. முடித்த கையோடு ஓடுவதைவிட, இரண்டு மூன்று வருடம் இங்கே உருப்படியான வேலை பார்த்துவிட்டு, அந்த அனுபவத்தைக் காட்டி அங்கே கொஞ்சம் மேல்நிலைச் சம்பளத்தில் நுழைவதே நல்லது என்பது என் எண்ணம். அந்தச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துவைத்தால் கடனும் குறையும்.

இங்கிருந்தபடியே எச்-1பியில் நேராகப் போகலாம் என்று யாராவது சொன்னால், 2025 செப்டம்பர் அறிவிப்பைச் சொல்லுங்கள். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாக மனு போடும் நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்டவேண்டும் என்றது அது. அங்கேயே படித்து எஃப்-1 என்ற மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அந்தத் தொகை பொருந்தாது என்று குடியேற்றத் துறை பின்னர் விளக்கியது. இந்த விதிகள் எல்லாம் நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருப்பவை, யூடியூப் காணொளியை நம்பாமல் அந்தக் குடியேற்றத் துறையின் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் நேராகப் படியுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

தரவரிசைக்கு முன்னால் பார்க்கவேண்டியது, அந்தப் படிப்பு எந்த வகை என்று காட்டும் சிஐபி குறியீடு ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்பது. பெயரில் அனலிட்டிக்ஸ் என்று இருப்பதால் ஸ்டெம் ஆகிவிடாது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெம் நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம், ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்திருக்கவேண்டும் என்பதும் பலருக்குக் கடைசி மாதத்தில்தான் தெரியவருகிறது. ஓபிடி காலத்தில் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருக்கமுடியாது, நீட்டிப்பையும் சேர்த்தால் மொத்தம் 150 நாள்.

பிஎச்.டி. செய்யும் ஆர்வம் உண்மையிலேயே இருந்தால் அதைத் தீவிரமாக யோசியுங்கள். நல்ல துறைகளில் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகையும் வரும், கடனே இல்லாமல் போகலாம். எம்எஸ்ஸுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை கிடைத்தாலும் பாரம் பாதியாகும். கேம்பஸுக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம், அது சாப்பாட்டுக்கு உதவும், கட்டணத்துக்கு உதவாது. வெளியே பெட்ரோல் பங்கிலோ கடையிலோ அனுமதியில்லாமல் வேலை செய்தால் விசாவே போய்விடும்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2019 இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்தது ஒரு பொறி, அமெரிக்க அதிகாரிகளே நடத்தியது. வகுப்பே நடக்காத அதில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், நிறையப் பேர் கைதானார்கள். வகுப்புக்குப் போகவேண்டாம், முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று எந்தக் கன்சல்டன்சி சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமில் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களும் அதே கூட்டம்தான்.

கிரீன் கார்டு

வேலைவழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000, அது குடும்பத்தினரையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. விளைவு, 2025 இல் இபி-2, இபி-3 என்ற வேலைவழிப் பிரிவுகளில் இந்தியர்களுக்கு நடந்துகொண்டிருந்தது 2012, 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்களின் முறை. அதாவது பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரிசைக்கு வந்தவர்கள். இன்று நிற்பவர் பன்னிரண்டு வருடத்தில் உள்ளே போவார் என்று இதற்கு அர்த்தமில்லை, நடுவில் சேர்ந்த கூட்டம் அவ்வளவு பெரிது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினை ஆறு மாதம் தொடர்ந்து பாருங்கள், அந்தத் தேதி எப்படி நகர்கிறது என்று உங்களுக்கே புரியும்.

வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கும். யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்த தமிழர் இந்திய வரிசையில் நிற்கவேண்டியதே இல்லை. இந்தியாவில் பிறந்தவரின் மனைவியோ கணவரோ அப்படி வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டுக் கணக்கில் இருவரும் போகலாம். மற்றவர்களுக்கு இபி-1 என்று ஒரு வழி உண்டு, அங்கே காத்திருப்பு எவ்வளவோ குறைவு, ஆனால் அதற்கு ஆராய்ச்சியிலோ பன்னாட்டு நிறுவன நிர்வாகத்திலோ பெரிய இடத்துக்கு வந்திருக்கவேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் ஐ-140 என்ற, நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனுவுக்கு அனுமதி கிடைத்துவிட்டால் எச்-1பியை நீட்டிக்கொண்டே போகலாம், சரி. ஆனால் வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான். வீட்டுக்கடன் இருக்கும், பள்ளியில் குழந்தை இருக்கும், அத்தனையையும் அந்த 60 நாளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். மூன்று வயதில் கூட்டிப்போன குழந்தை 21 வயதைத் தொடும்போது கிரீன் கார்டு வரவில்லையென்றால், பெற்றோரின் வரிசையிலிருந்து அது வெளியே விழும் ஆபத்தும் இருக்கிறது. வளர்ந்த ஊரிலேயே தனியாக மாணவர் விசா தேடும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் குடியேறுவதுதான் நோக்கம் என்றால், கனடா, ஜெர்மனி போன்ற இடங்களின் விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

பிள்ளைகளின் கனவு

இதை அளந்து பார்த்தவர் ராஜ் செட்டி, தமிழ்நாட்டை வேராகக் கொண்ட பெற்றோருக்குத் தில்லியில் பிறந்து, 9 வயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர். அவரும் அவர் குழுவினரும் கண்டது: 1940 இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள், 1980களில் பிறந்தவர்களில் அது சுமார் 50 சதவீதம். அமெரிக்கக் கனவு மங்கிவிட்டது என்று அங்கே பிறந்தவர்களே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே ஆய்வுகளில் நமக்கு உதவும் இன்னொரு விஷயம் இருக்கிறது. வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை மேல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சார்லட் நகரத்தில் 4.4 சதவீதம், சான் ஹோசேயில் 12.9 சதவீதம். நாடு ஒன்றுதான், ஊர் மாறினால் மூன்று மடங்கு வித்தியாசம். 13 வயதுக்கு முன் நல்ல பகுதிக்கு மாறிய ஏழைக் குழந்தைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்ததும் தெரியவந்தது. இந்தத் தகவலை ஆப்பர்ச்சூனிட்டி அட்லஸ் என்ற இலவச வரைபடத்தில் பகுதிவாரியாகப் பார்க்கலாம். அங்கே குடும்பமாக இருப்பவர்கள் வீடு பார்க்கும்போது, கோயிலும் இந்தியக் கடையும் எவ்வளவு தூரம் என்பதோடு இதையும் பாருங்கள். சான் ஹோசேயில் வீட்டு விலை 10 லட்சம் டாலரைத் தாண்டி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரான் ஆப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் நூறு ஆண்டுக்கும் மேலான பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததில், ஒரே வருமானத்தில் வளர்ந்தாலும், அங்கேயே பிறந்தவர்களின் பிள்ளைகளைவிடக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அதிகம் மேலேறுகிறார்கள் என்று தெரிந்தது. முக்கியமான காரணம் ஒன்று, குடியேறியவர்கள் வேலை இருக்கும் ஊரைத் தேடிப் போய் உட்கார்கிறார்கள். இந்த மூன்றாவது கனவு செத்துவிட்டது என்று என்னால் சொல்லமுடியாது, தெளிவாக உயிரோடு இருக்கிறது.

கிளம்பும் முன்

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று கனவில் எதற்காகப் போகிறோம், எத்தனையாவது குலுக்கல் வரை காத்திருப்போம், வராவிட்டால் எந்த ஊரில் எந்த வேலை, இஎம்ஐ யார் எவ்வளவு காலம் கட்டுவது. திரும்பி வருவது தோல்வி இல்லை என்று அப்பா அம்மா வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள், அங்கே ராத்திரியில் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். ஆறு மாத இஎம்ஐயை இந்தியக் கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். படிக்கும் காலத்தில் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டமுடிந்தால் கட்டுங்கள், மேலே சொன்ன 61 லட்சம் 50 லட்சத்திலேயே நிற்கும்.