எல்லைப்புற அலுவலகத்தில் எஸ்டிமேட்டைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ இருந்துகொண்டு குமரி மாவட்டப் பணிகளுக்கும் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பணிகளுக்கும் எஸ்டிமேட் போடும் குவான்டிட்டி சர்வேயர், மென்பொருள் வாங்குமுன் தம் விலைத் தாளை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். கேரளப் பொதுப்பணித் துறை, டெல்லி விலைப்பட்டியலான டி.எஸ்.ஆரை அடிப்படையாகக் கொண்டு, இடத்துக்குரிய செலவுக் குறியீட்டையும் சேர்த்து, பிரைஸ் என்னும் மென்பொருளில் மதிப்பிடுகிறது. தமிழகப் பொதுப்பணித் துறைக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு.

அடுத்தது, அளவுகளை எழுதும் எக்செல் தாள். எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் ஆகியவை தனித்தனி நிரல்களிலும், ஒவ்வொரு வரியிலும் வரைபட எண்ணும் அதன் திருத்த எண்ணும் இருக்கட்டும். விலையை அளவுத் தாளில் கையால் அடிக்காமல், உருப்படிக் குறியீட்டைக் கொண்டு விலைத் தாளிலிருந்து வரவழைக்க வேண்டும். எம்-சாண்டுக்கு யூனிட் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இந்த மாற்றத்தை விலைத் தாளில் ஒரே இடத்தில் வைத்தால் போதும். ஒரு மீட்டர் கம்பியின் எடையைக் கிலோவில் அறிய, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் பழைய வாய்பாட்டையே சூத்திரமாக எழுதிவிடலாம்.

பி.டி.எஃப். வரைபடத்தில் திரையிலேயே அளவெடுப்பவர்கள், ஸ்கேலை நம்பாமல், எழுதப்பட்ட ஓர் அளவைக் கொண்டு நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் சரிபார்க்க வேண்டும். நீளத்தில் 2 சதவீதம் பிசகினால் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதம் பிசகும்.

கணினியில் உருவாக்கிய கட்டடத்தின் முப்பரிமாண மாதிரிக்கு மாறும்போதுதான் பெரிய சிக்கல் வரும். மாதிரி தருவது நிகர அளவு; பில் போடுவதோ ஒப்பந்தத்தில் சொன்ன அளவீட்டு முறைப்படி, பெரும்பாலும் கட்டட வேலை அளவீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200இன்படி. பூச்சு வேலையில், 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு (கதவு, ஜன்னல் போன்றவற்றின் இடைவெளிகளுக்கு) அந்த முறை கழிப்பதில்லை; அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சானால், ஒரு முகத்துக்கு மட்டுமே கழிக்கிறது, திறப்பின் பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகச் சேர்ப்பதில்லை. 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஜன்னலில் இந்தக் கழிவு 1.8 சதுர மீட்டர். இரு முகங்களையும் கழிக்கும் மென்பொருளில் 3.6. இத்தகைய 40 ஜன்னல்கள் உள்ள கட்டடத்தில் 72 சதுர மீட்டர் பூச்சு கணக்கிலிருந்து காணாமல் போகும். கான்ட்ராக்டர் சும்மா இருப்பாரா? எனவே திறப்புகளை அளவு வாரியாகப் பிரித்தெடுத்து, கழிவு விதியை எக்செல்லில் தனியாகப் போடுவதே பாதுகாப்பு.

ஆட்டோகேட் வரைபடமாக மட்டுமே வரும் சிறு வீடுகளுக்கு மாதிரி உருவாக்குவது வீண் செலவு என்பது என் கருத்து. பல மாடிக் கட்டடத்துக்கு, கட்டடக் கலைஞரிடமிருந்து, வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய மாதிரிக் கோப்பான ஐ.எஃப்.சி. கோப்பைக் கேட்டு வாங்கி, சுவர், தளம், தூண் ஆகியவை சரியான வகைப் பெயரில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவரைத் தளம் என்று வரைந்திருந்தால் அளவு வேறு தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும்.

புதிய முறையை நடக்கும் பணியில் தொடங்க வேண்டாம். இறுதி பில் முடிந்த ஒரு பணியை எடுத்து மீண்டும் அளந்து, எம்-புக்கோடு (அளவுப் பதிவேட்டோடு) உருப்படி உருப்படியாக ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் தெரிந்த பிறகே அடுத்த டெண்டருக்குப் பயன்படுத்த வேண்டும். பணியிடத்தில் செல்பேசியில் பதிந்த அளவுகள் எவ்வளவு வசதியானாலும், எம்-புக்கில் கையொப்பம் கேட்கும் பணியில் அன்றன்றே அதில் ஏற்றிவிட வேண்டும்.